பெரியபீலி மலையில் பூச்சி தேடிய ஐந்து நாள்

எனக்குத் தெரிந்த எழுத்து வேலை, நாற்றுப் பாத்தியின் தலைமாட்டில் நடும் தகரப் பலகையில் விதையின் பெயரையும் விதைத்த தேதியையும் எழுதுவதுதான். எட்டாவதோடு படிப்பு நின்றது. கொடைக்கானல் மலையில் காட்டு இலாகா நாற்றங்காலில் மேஸ்திரி வேலை. இப்படிப்பட்டவன் பயணக் கட்டுரை என்று உட்கார்ந்தால் படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் ஊர்ப் படிப்பகத்தார் மாதம் ஒருமுறை கையால் எழுதிச் சுற்றுக்கு விடும் பத்திரிகைக்கு, "சிலோன் போய்வந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்று சொல்லிக் கையில் தாளைத் திணித்துவிட்டார்கள். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் பலனைத்தான் இப்போது படிக்கிறீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலைப் பற்றியும் பாஸ்போர்ட்டைப் பற்றியும் எழுதப்போவதில்லை. அதில் நான் பட்ட பாடு எல்லோரும் படுகிற பாடுதான்.

போன காரணம் ஒரு கடிதம். என் அக்கா ராசம்மா இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு வாக்கப்பட்டுச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். அவள் புருஷன் மாரிமுத்து மாமா அங்கே மரம் நடுகிற ஆட்களுக்குக் கங்காணி. அவர் எழுதியிருந்தார்: "மாப்ள, மலை உச்சிக் காடு தீயில போச்சு. தப்பின மரத்தை வண்டு தின்னுச்சு. போன வருஷம் தொரை புதுசா கன்னு நடச் சொன்னாரு. இடுப்பளவு வந்த கன்னெல்லாம் இப்ப தலையில்லாம நிக்குது. என்ன பூச்சின்னு யாருக்கும் புரியல. நீ வந்து ஒரு தடவை பாரு. உன் அக்காளும் உன்னைப் பாக்கணும்னு அழுறா." பூச்சிக்காகப் போனேனா அக்காவுக்காகப் போனேனா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் ஹட்டனில் இருந்தேன். மே மாதம். மழைக்கு முந்திய நாட்கள். மேகம் கடைத்தெருவுக்குள்ளேயே ஆட்களோடு சேர்ந்து நடந்தது. குளிர் எங்கள் மலையைப் போலத்தான். ஆனால் எங்கள் குளிர் காய்ந்தது, இது நனைந்தது. ஒரு கடையில் ஏறி இட்லி கேட்டேன்.

"இட்லி விடியக்காலையிலேயே முடிஞ்சிருச்சுங்க. பாண் இருக்கு, பருப்பு இருக்கு" என்றார் கடைக்காரர்.

பாண் என்றால் என்ன என்று கேட்க வாய் வரவில்லை. தலையாட்டினேன். ரொட்டிக்கடை ரொட்டியில் கால்பங்கும் தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் வந்தன. நன்றாகவே இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சாப்பிட்டதில் மிக நல்லது அதுதான்.

பஸ்ஸில்தான் சிக்கல். கடித உறையில் தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. சிங்களக் கண்டக்டர் அதை உரக்கப் படித்தார். பஸ்ஸில் ஒருவருக்கும் அப்படி ஒரு தோட்டம் தெரியவில்லை. "அது நுவரெலியாப் பக்கம்" என்றார் ஒருவர். "இல்ல, தலவாக்கலை தாண்டி" என்றார் இன்னொருவர். கடைசியில் மடியில் கோழியை வைத்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்:

"யாரு வீட்டுக்குப் போறீங்க?"

"மாரிமுத்து கங்காணி வீட்டுக்கு."

"அட, பெரியபீலின்னு சொன்னா முடிஞ்சு போச்சு. அதை விட்டுட்டு என்னமோ வெள்ளைக்காரன் பாட்டி பேரைச் சொல்றாரே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. பீலி என்றதும் மயில் நிறைய இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம். மயில் ஒன்றுகூட இல்லை.

"அடுத்த கோயிலடியில இறங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கோழியம்மாள் இறங்கிப் போனார். அடுத்து வந்தது ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல். அது கோயிலா, கோயில் இன்னும் வரவேண்டுமா? யோசித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தக் கூச்சம். இன்னொருவர் மணியடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, அவரோடு இறங்கினேன். இரண்டு மைல் தள்ளி வந்திருந்தேன்.

கூட இறங்கியவர் சிங்களப் பெரியவர். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தூறல் விழுந்தது. தன் தலையில் இருந்த சாக்கை மடித்து என் தலையில் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிக் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். நான் வேகமாக நடந்தபோதெல்லாம் "ஹெமின், ஹெமின்" என்றார். குறுக்கு வழியைக் காட்டிவிட்டுச் சாக்கை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். வீடு சேர்ந்த பிறகு மாமாவிடம் அதற்கு அர்த்தம் கேட்டேன். "மெதுவா, மெதுவாங்கிறான் மாப்ள. வழுக்குமில்ல" என்றார்.

அக்காவை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. லயத்து வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு, தலையில் கொங்காணி என்கிற மழைச் சாக்கு. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "என்னடா முழிக்கிற, தம்பி? அக்கா கெழவியாயிட்டேனா?" என்றாள். குரல் அப்படியே இருந்தது. அவள் என் நெற்றியைத் தடவினாள். விரலில் தைல வாசனை அடித்தது. குளிருக்குத் தலைவலித் தைலம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

லயம் என்பது நீளமாக ஒரே கூரை போட்டுப் பத்து அறையாகத் தடுத்த வீடு. அறையைக் காம்பரா என்கிறார்கள். சுவர்கள் கூரை வரை போகவில்லை; முதல் காம்பராவில் தும்மினால் மூன்றாவதில் "நூறு வயசு" என்கிறார்கள். அக்கா கோதுமை மாவு ரொட்டியைக் கனமாகத் தட்டித் தேங்காய்ச் சம்பலோடு வைத்தாள். தேநீரைச் சாயத்தண்ணி என்று பெயரிட்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி குடிக்கிறார்கள். உலகம் முழுவதும் குடிக்கிற தேயிலையைப் பறிக்கிறவர்களின் வீட்டில் தூள்தான் மிஞ்சுகிறது. ஆனாலும் அந்தக் குளிரில் அதைவிட இனிப்பான ஒன்றை நான் குடித்ததில்லை.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, தொரை பயந்து போயிட்டாரு. இந்தப் பூச்சி தேயிலைக்குள்ள இறங்கிட்டா தோட்டமே போச்சுங்கிறாரு. வர்ற சனிக்கிழமை கன்னையெல்லாம் வேரோட பிடுங்கி அங்கேயே கொளுத்தச் சொல்லி உத்தரவு. நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். இந்தியாவுலேருந்து என் மச்சினன், பெரிய பூச்சி டாக்டர், வர்றாருன்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. நீ தோட்டத்துக்குள்ள தங்கறதுக்குத் துண்டு கொடுத்ததே அதுக்குத்தான்."

துண்டு என்றால் அனுமதிச் சீட்டு. அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்ததோ, இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த மருந்து சாம்பலும் வேப்பம் புண்ணாக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவதற்கு அதுதான் பெயர். கொழுந்து நிற்கும் ஒவ்வொரு சரிவையும் மலை என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். அக்காவும் அவள் கூட்டத்து முப்பது பெண்களும் எட்டாம் நம்பர் மலைக்கு. அது எரிந்த காட்டுக்கு அப்பால். போக, வர, புதுக் கன்றுகளுக்கு ஊடாகத்தான் நடக்கிறார்கள்.

மாமா என்னை மேலே கூட்டிப் போனார். வழியில் பீலியைக் காட்டினார். நான்கு லயத்துக்கும் அந்த ஒரு தண்ணீர்தான்.

"காடு இருக்கறப்போ என் மணிக்கட்டுப் பருமன் கொட்டும். இப்பப் பாரு, சுண்டுவிரல். கன்னையும் பிடுங்கிட்டா பொம்பளைங்க கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு எறங்கணும். ஏற எறங்க மூணு மைல்."

உச்சிக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கமும் புல்மேட்டில் தீப்பிடிக்கும். ஆனால் சோலைக்குள் இறங்காமல் அணைந்துவிடும். இங்கே காற்று தீயைக் காட்டுக்குள் தள்ளியிருக்கிறது. யார் வைத்த தீ என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. பாதி வெந்து தப்பியவற்றையும் வண்டு விடவில்லை. மாமா ஒரு கட்டையைப் பிளந்து காட்டினார். பென்சில் நுழைகிற அளவுக்குத் துளைகள், உள்ளே மாவு போல மரத்தூள்.

அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகப் புதுக் கன்றுகள். எங்கள் ஊரில் யூகலிப்டஸ் என்று பலகையில் எழுதி, தைலமரம் என்று வாயில் சொல்வோமே, அதுதான். அங்கே அதற்குக் கருப்பந்தேயிலை என்று பெயர். நல்ல கன்று, நல்ல குழி, நல்ல இடைவெளி. மாமாவின் கையில் குறையில்லை. ஆனால் பார்த்த இடமெல்லாம் நுனிக்குருத்து இல்லை. தலை போனதால் பக்கத்தில் நான்கைந்து கிளை வெடித்து, மரமாக வேண்டியது புதராகக் குந்திக்கொண்டிருந்தது.

நான் நாள் முழுக்க இலையைப் புரட்டினேன். முட்டை இல்லை, புழு இல்லை, எச்சம் இல்லை, கூடு இல்லை. தண்டில் துளை இல்லை. எனக்கு ஒரே ஒரு பூச்சிதான் கிடைத்தது, அது அட்டை. என் கெண்டைக்காலில் பதினொன்று இருந்தன.

மாலையில் இறங்கியபோது ஒரு கூட்டம் காத்திருந்தது. அக்காவின் தோழி செல்லாயி, வாய் ஓயாத பெண்பிள்ளை, முன்னால் நின்றாள்.

"என்னாங்க டாக்டரய்யா, பூச்சி ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலீங்க."

"தெரியலியாம்டி! அங்க ஊருல எருமைக்கு ஊசி போடறவரா இருக்கும். நம்ம கங்காணி மாத்திக் கூட்டியாந்துட்டாரு."

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. அன்று அவர் ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

புதன்கிழமை நான் தனியாகப் போனேன். மாமா போகாதே என்று சொன்ன ஓடைப்பக்கத்து மூலைக்குப் போனேன். அட்டைக்குப் பயந்து அங்கே யாரும் இறங்குவதில்லையாம். காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, மானாப் புல்லை விலக்கி உள்ளே போனால், அங்கேயும் அதே கருப்பந்தேயிலை. அதே மாதத்தில் நட்ட கன்று. ஒன்றுக்குக்கூட நுனி போகவில்லை. என் தலைக்கு மேலே வளர்ந்து, சிவந்த குருத்தோடு நேராக நின்றன.

திரும்பி வந்து சொன்னேன். மாமா, "பூச்சி இன்னும் அங்க போய்ச் சேரல மாப்ள. அதுக்கும் அட்டைன்னா பயம் போல" என்றார். பாவம், அந்தக் கவலையிலும் அவருக்கு ஒரு வேடிக்கை வந்தது.

மறுபடி ஏறினேன். இந்த முறை நுனி போன கன்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்த சின்னக் கன்றில் நுனி போகவில்லை. இடுப்பிலிருந்து மார்பு வரை உயரமுள்ளவற்றில்தான் போயிருந்தது. இவ்வளவு உயரத்தில்தான் தின்பேன் என்று அளந்து தின்கிற பூச்சியை நான் கண்டதில்லை. இன்னொன்று: தின்றது எங்கே? காய்ந்த குருத்துகள் அங்கங்கே தரையில் கிடந்தன. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக, ஒடித்த இடம் சுத்தமாக இருந்தது. தின்னாமல் ஒடித்து எறிகிற பூச்சியா? குரங்கோ என்று நினைத்தேன். மாமாவிடம் கேட்டதற்கு இந்த மேட்டில் குரங்கு வருவதில்லை என்றார்.

அன்று மாலை அக்கா, "வாடா, பேசிக்கிட்டே கன்னுக்குள்ள ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றாள். வேலை முடிந்து கூடையை வைத்த பிறகு அவள் தினமும் அங்கே போகிறாளாம். புருஷனின் கவலை அவளையும் பிடித்திருந்தது. கன்றுகளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று முனியாண்டிக்கு ஒரு சூடம் காட்டிவிட்டு, வரிசைகளின் ஊடாக நடந்து திரும்புவாள்.

அம்மா செத்த செய்தியைக் கடிதத்தில்தான் அறிந்தவள் அவள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், என்ன கேட்டாள், யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் முன்னால் நடந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஒரு கையால். இன்னொரு கை சும்மா இருக்கவில்லை.

என் மார்பில் ஏதோ வந்து விழுந்தது. இரண்டு இலை, ஒரு குருத்து.

நான் நின்றுவிட்டேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். கை பக்கத்துக் கன்றுக்குப் போயிற்று, நகம் பட்டது, குருத்து ஒடிந்தது, கை தோளுக்குப் பின்னால் வீசி, முதுகில் இல்லாத கூடைக்குள் அதைப் போட்டது. பேச்சு ஒரு கணமும் நிற்கவில்லை. "கடைசியா என் பேரைச் சொன்னாளாடா?" என்று கேட்டாள்.

சொன்னாள் என்றேன். விழுந்த குருத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். அம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தவளிடம் போய் எதைச் சொல்வது?

வியாழக்கிழமை விடிந்ததும் பீலியில் அவள் குடத்தை வைத்திருந்தாள். தண்ணீர் நிறைய நேரமாகும். சுண்டுவிரல் பருமன்தானே. அதுதான் சமயம் என்று, இரவெல்லாம் மடியில் வைத்திருந்த குருத்தை எடுத்து நீட்டினேன்.

"என்னடா இது?"

"நேத்து நீ கிள்ளினது அக்கா."

"நானா? போடா பைத்தியக்காரா."

"கையை மோந்து பாரு."

அவள் மோந்து பார்த்தாள். "இந்த ஊருல எந்தக் கைதான் தைலம் மணக்கல?" என்றாள். ஆனால் முகம் மாறிவிட்டது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கன்றுப் பக்கம் போனாள். பத்து அடி நடந்தாள். கை அசையவில்லை. "பாத்தியா?" என்றாள்.

"பாத்துக்கிட்டே நடந்தா கிள்ளாது அக்கா. சின்னப்புள்ளையில நம்ம வீட்டு வெள்ளாடு கெணத்துல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அப்பா கயித்தைக் கட்டி எறங்கினாரு, ஆடு ஏறி வந்துருச்சு, அப்பா ஏற முடியாம உள்ள நின்னாரு..." சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தாள். ஏழாவது கன்றில் கை போனது. இந்த முறை அவள் பாதி வீச்சில் நிறுத்திவிட்டாள். விரலிடுக்கில் குருத்தோடு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்ட கையைப் பார்ப்பது போல.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கைக்கு வேற என்னடா கத்துக் குடுத்தாங்க?" என்றாள்.

அன்று வேலைக்குப் போகும்போது அவள் பின்னால் இருந்து மற்றவர்களையும் பார்த்தாள். முப்பது பேரும் குறுக்கு மறுக்காகக் கன்றுகளுக்குள் பேசிக்கொண்டே போனார்கள். எல்லாக் கையும் ஒரே கைதான்.

மாலையில் மாமாவிடம் சொன்னோம். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு கோபம் வந்தது. பிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"பூச்சி பூச்சின்னு தோட்டம் பூரா தேடினேன். பூச்சி எனக்கே ரொட்டி சுட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இதை நான் தொரைக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? கன்னு நட்ட கங்காணி பொண்டாட்டியே கன்னை அழிச்சான்னா? முப்பது பேரையும் வேலையை விட்டு நிப்பாட்டினா?"

"சொல்லாம இருந்தா சனிக்கிழமை மலை எரியும்" என்றாள் அக்கா. "அந்த மலை ரெண்டாந்தடவ எரியறதுக்கு எம்பேரு எரிஞ்சா பரவாயில்ல. நீங்க வாயைத் தொறக்க வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்லாயியின் குரல் கேட்டது. "எக்கா, நீ மட்டுமா கிள்ளின? நானுந்தான். பேருலயே தேயிலைன்னு வச்சிருந்தா கை என்னா பண்ணும்?"

வெள்ளிக்கிழமை காலை பெண்கள் மலையேறிய காட்சியை நான் மறக்கமாட்டேன். அக்காவின் உத்தரவு: கன்று முடியும் வரை யாரும் கையை வெளியே எடுக்கக்கூடாது. முப்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, ஒற்றை வரிசையில் போனார்கள். வழுக்கிய இடத்தில்கூடக் கையை எடுக்கவில்லை. ஒருத்தி உட்கார்ந்தே சறுக்கினாள்.

துரை மேலே நின்றிருந்தார். அரைக்கால் சட்டை, கையில் தடி, சிவந்த முகம். தோட்டத்துத் தமிழ் பேசினார்.

"மாரிமுத்து, என்னா இது? எல்லாருக்கும் குளுரா?"

மாமா என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். "நீதான் பூச்சி டாக்டர்? பூச்சி எங்கே?"

கையில் இருந்த காய்ந்த குருத்தை நீட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"தொரைங்களே, பூச்சி நாங்கதாங்க. கொழுந்துன்னு நெனச்சுக் கை கிள்ளிருதுங்க. மனசு அறியாதுங்க."

துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொய். பூச்சி இல்லைன்னு சொல்லக் கங்காணி சொல்லிக் குடுத்தது. நாளைக்கு எல்லாம் நெருப்பு."

அப்போதுதான் என் வாய் எப்படியோ திறந்தது. "ஐயா, யாரையாவது பேசவிட்டு நடக்கச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் துரைக்குக் கேட்டது. அவர் வரிசையைப் பார்த்தார். செல்லாயியைத் தடியால் காட்டினார்.

"நீ. நடக்கிறது. உன் ஆடு போன மாசம் ஏன் தேயிலைக்குள்ளே வந்தது?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவள் பயந்து கையை இறுக்கியிருப்பாள். ஆட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

"எந்த ஆட்டைங்க சொல்றீங்க? என் ஆடு கட்டின எடத்தை விட்டு நகராதுங்க. கணக்கப்பிள்ளை வீட்டு ஆடு மேயும், பேரு என் ஆட்டுக்கு! தொரைங்க வேணும்னா அது கழுத்தைப் பாருங்க, கயித்துத் தழும்பு இருக்கும்..." கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. நியாயம் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். துரை பின்னால் நடந்தார். ஐந்தாவது கன்று. ஒன்று. எட்டாவது கன்று. இரண்டு. இரண்டாவது குருத்து தோளுக்கு மேலே பறந்து வந்து துரையின் தொப்பியில் விழுந்தது.

செல்லாயி இன்னும் ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். துரை தொப்பியைக் கழற்றி, அந்தக் குருத்தை எடுத்து, இரண்டு இலையையும் எண்ணிப் பார்த்து, மோந்து பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தடி கீழே விழுந்தது.

"நல்ல கொழுந்து" என்றார். "இந்தப் பூச்சிக்கு மருந்து இல்லை, மாரிமுத்து. ரோட்டை மாத்து."

காட்டைச் சுற்றித் தீ தாண்டாமல் இருக்கச் செதுக்கி வைத்த பாதை ஒன்று உண்டு. இனி பெண்கள் அந்த வழியாகத்தான் எட்டாம் நம்பருக்குப் போகவேண்டும். கால் மைல் சுற்று. கன்றுகளுக்குள் யாரும் நடக்கக்கூடாது. செல்லாயி ஆட்டைக் கட்டிப்போட வேண்டும். மூன்று உத்தரவையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு என்னிடம், புதராகப் போனவற்றை என்ன செய்வது என்று கேட்டார்.

அது எனக்குத் தெரிந்த வேலை. அதனால் வாயும் வந்தது. வெடித்த கிளைகளில் நேராக, தடியாக உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் இப்போதே எடுத்துவிட வேண்டும், விட்ட ஒன்று தலையாகி மரமாகும் என்றேன். கிளைகள் இளசு, கத்தி வைத்தால் பட்டை கிழியும், நகத்தால் எடுப்பதுதான் நல்லது என்றும் சொன்னேன்.

"நகம்" என்றார் துரை. முப்பது பேரையும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. நெருப்பு வைக்கவில்லை. அக்காவும் மற்றவர்களும் கன்றுக்கு ஒரு கிளையை விட்டு மற்றதைக் கிள்ளினார்கள். ஒரு வாரத்து வேலை என்று நான் சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு முடித்துவிட்டார்கள். நான்கு மணிக்கு மழை பிடித்தது.